சிற்றிடர் தரும் சிந்தனைகள்

மனித வாழ்க்கையில் நேரும் இடர்கள் இருவகைப்படும். பெருங்காற்று, பெருவெள்ளம், கொள்ளைநோய், மரணம் என்னும் பேரிடர்கள் ஒருவகை. பால் பொங்கி அடுப்பில் வழிதல், செருப்பின் வார் அறுதல், குடையை வண்டியில் மறந்து இறங்குதல், மைக்கூடு கவிழ்தல் என்னும் சிற்றிடர்கள் மற்றொருவகை. பேரிடர் வருங்காலத்து மனிதன் முழங்காற்படியிடுகின்றான். அண்டை அயலார் ஓடிவந்து ஆறுதல் கூறுகின்றனர். பத்திரிகைகளும் அதனைக் குறித்து எழுதுகின்றன. சிற்றிடருக்கோ சரித்திரம் இல்லை. பால் பொங்கியது கண்டு எவரும் ஜெபம் செய்வதில்லை. முணுமுணுக்கின்றோம், அல்லது அருகில் நிற்கும் எளியார் ஒருவர்மேல் சினத்தைக் கொட்டிவிடுகின்றோம். ஆயினும் எண்ணிப் பார்க்குமிடத்து, நம் வாழ்நாளில் பேரிடர் வரும் நாட்கள் மிகச் சிலவே. சிற்றிடர் வாராத நாளோ ஒன்றேனும் இல்லை. ஆகவே ஒருவனுடைய விசுவாசம் எத்தகையது என்பதைப் பேரிடரில் அறிவதினும் சிற்றிடரில் அறிவது எளிது.

நம் கலாசாலையை விட்டு நீங்கியபின், கீழவாஞ்சூர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் நான் பெற்ற அனுபவங்கள் சிலவற்றை இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்க்கும், என் ஆசிரியப் பெருமக்களுக்கும், பழைய தோழர்க்கும் எழுதத் துணிந்தேன். பாடம் கற்றுத் தேர்ந்தவன் என்ற முறையில் அன்று. பாடத்தைத் தவறாகப் படித்துத் திருத்தப்பட்டவன் என்ற முறையிலேயே எழுதுகின்றேன்.

கீழவாஞ்சூர் எங்கே இருக்கின்றது என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நாகூரிலிருந்து வடக்கு நோக்கிக் காரைக்காலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டியவுடன் வருவது அவ்வூர். கிழக்கே வங்கக் கடல், வடக்கே திருமலைராயன்பட்டினம், தெற்கே நாகூர்த் தர்காவின் உயர்ந்த மினாராக்கள். 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய அரசின் நிர்வாகத்துள் வந்து, இன்று புதுச்சேரி ஆட்சியின்கீழ் அமைந்துள்ளது. ஒரே மொழி, ஒரே மண், ஒரே கடல். ஆயினும் சாலையின் குறுக்கே ஒரு சாவடி நிற்கின்றது. அதற்கு இப்பால் ஓர் ஆட்சி, அப்பால் மற்றோர் ஆட்சி. 2009-ஆம் ஆண்டு முதல் அவ்வூர்க் கரையில் பெரியதொரு துறைமுகம் இயங்கி வருகின்றது. நான் அங்கு வாழ்ந்த காலத்தில் அஃது இல்லை. மீனவர் குடியிருப்பும், சவுக்குத் தோப்பும், மணல்மேடுமே இருந்தன.

சிறு நிகழ்ச்சியினின்று பெரும்பொருள் காணும் வழக்கம் அந்நாட்டிற்குப் புதிதன்று. காரைக்காலில் ஒரு வணிகன் மனையில் இரண்டு மாங்கனிகளுள் ஒன்று அடியார்க்கு உணவாகிக் குறைந்ததும், கணவன் அதனைக் கேட்டதுமாகிய மிகச் சிறிய குடும்ப நிகழ்ச்சியே புனிதவதியாரைக் காரைக்காலம்மையார் ஆக்கிற்று என்று பெரியபுராணம் கூறும். அதற்கு மாறான கதை ஒன்றும் அருகிலேயே உண்டு. திருமலைராயன் அவையிலே தமக்குத் தக்க மதிப்பு அளிக்கப்படவில்லையெனச் சினந்த காளமேகப் புலவர், அவ்வூர்மேல் மண்மாரி பொழியுமாறு வசை பாடினார் என்பர். ஒரு சிறு குறை ஒருவரைப் பக்தியின் சிகரத்திற்கு ஏற்றிற்று. மற்றொரு சிறு குறை ஓர் ஊரை மண்ணால் மூடிற்று. இவ்விரு கதைகளுக்கும் இடையிலே கிடக்கும் ஊரில், 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அருகிலிருந்த ஒரு பள்ளியின் உபாத்தியாயனாக நான் குடிபுகுந்தேன்.

அக்காலத்தில் என்னிடம் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. நாள்தோறும் இரவில், அன்று எனக்கு நேர்ந்த சிற்றிடர் ஒன்றை எழுதி, அதன்கீழ் அஃது உணர்த்தும் ஆவிக்குரிய பாடத்தையும் வேதவசனம் ஒன்றன் குறிப்பையும் எழுதுவேன். நாகூர்க் கடைத்தெருவில் செருப்பு வார் அறுந்து வெயிலில் வெறுங்காலுடன் நடந்தால், மோசே எரிகின்ற முட்செடியின் முன் பாதரட்சையைக் கழற்றியது நினைவிற்கு வரும், அதனை எழுதுவேன். மின்சாரம் நின்று எண்ணெயும் தீர்ந்து இருளில் உட்கார்ந்தால், புத்தியில்லாத கன்னியர் ஐவரைக் குறித்து எழுதுவேன். காகம் தின்பண்டத்தைக் கொத்திச் சென்றால் எலியாவிற்கு உணவு கொணர்ந்த காகங்கள் நினைவிற்கு வந்து நகைப்பூட்டும், அதனையும் விடுவதில்லை. இவ்வாறு எழுதுவது தீய வழக்கம் என்று நான் கூற வரவில்லை. அதனால் எரிச்சல் தணிந்தது. நாவும் ஓரளவு அடங்கிற்று. ஆயின் நாளடைவில் அதனோடு மெல்லிய கர்வம் ஒன்று என்னையறியாமலே உள்ளே புகுந்தது. கடவுள் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் எனக்காக அனுப்புகின்றார் என்றும், அதனை வாசிக்கும் கண் எனக்கு வாய்த்திருக்கின்றது என்றும் எண்ணலானேன். அக்கர்வத்தை இரண்டு நிகழ்ச்சிகள் உடைத்தன.

முதலாவது, சாவடியில் நிகழ்ந்தது. காரைக்கால் பகுதியில் மதுவிற்கு வரி குறைவு. ஆதலால் விலையும் குறைவு. எல்லை கடந்து அதனைக் கொண்டுசெல்வோர் உண்டு. அவர்களைத் தடுக்கக் காவலர் சாவடியில் பேருந்துகளை நிறுத்திப் பைகளைச் சோதிப்பதும் உண்டு. ஒரு சனிக்கிழமை மாலை, நாகப்பட்டினத்தில் ஒரு ஜெபக்கூட்டத்திற் பேசுவதற்காகத் திருமலைராயன்பட்டினத்திற் பேருந்து ஏறினேன். கலியாண வீடுகளில் தாம்பூலம் இட்டுக் கொடுக்கும் மஞ்சள் பை ஒன்றில் என் வேதபுத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் வைத்து, மேல்தட்டில் இட்டிருந்தேன். சாவடியில் வண்டி நின்றது. அவரவர் பையை அவரவர் எடுக்குமாறு காவலர் கூறினார். நான் மஞ்சள் பையை எடுத்து, சிறிதும் ஐயமின்றித் திறந்து காட்டினேன். அந்தோ! அதனுள்ளே நான்கு மதுக்குப்பிகள் இருந்தன.

வண்டியில் இருந்தோர் அனைவரும் என்னையே நோக்கினர். என் மாணவன் ஒருவனுடைய தகப்பனாரும் அங்கிருந்தார். என் முகம் வெளிறிற்று, நா குழறிற்று. பிறகு உரத்த குரலில், “ஐயா, நான் உபாத்தியாயன், ஜெபக்கூட்டத்திற்குப் போகின்றேன், இதைத் தொடுகிற மனிதன் நானில்லை. இந்த மாதிரி ஆட்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்” என்றேன். அப்பொழுது பின்னிருக்கையிலிருந்து ஒருவர் எழுந்தார். கூலிவேலை செய்து களைத்த உடம்பு. சுண்ணாம்பு படிந்த கைகள். “அது என் பை சார். வாத்தியார் பேர்ல பழி வேண்டாம். அவர் பை இந்தா இருக்கு” என்று கூறி, என் பையை என்னிடம் நீட்டினார். காவலர் தம் கடமைப்படி அவரைக் கீழே இறக்கினார். வண்டி புறப்பட்டது. நான் அவருக்கு நன்றி என்னும் ஒரு சொல்லும் கூறவில்லை.

அன்றிரவு குறிப்புப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தேவாலயத்தில் ஜெபம் செய்யப் போன பரிசேயனும் ஆயக்காரனும் அன்றோ அப்பேருந்தில் இருந்தவர் என்று எழுதினேன். ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவை ஆண்டவர் அழைத்தார்; வாஞ்சூர்ச் சாவடியும் ஓர் ஆயத்துறையே; அங்கே தன்னை நீதிமானென்று கூவியவன் நான், உண்மையை ஒப்புக்கொண்டு இறங்கிப் போனவன் அம்மனிதன் என்றெல்லாம் எழுதினேன். எழுதியதில் பிழையில்லை. ஆயின் உவமை எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்தேனேயன்றி, அம்மனிதர் பின்னர் என்ன ஆனார், அவருடைய இல்லத்தார் அன்றிரவு எவ்வாறு உறங்கினர் என்று ஒருவரையேனும் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. இவ்வுண்மை அப்பொழுது எனக்குப் புலப்படவில்லை. இரண்டாவது நிகழ்ச்சி வந்தபின்னரே புலப்பட்டது.

நான் குடியிருந்த வீட்டின் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் தனியே வாழ்ந்தார். ஊரார் யாவரும் அவரை ஆயா என்றே அழைப்பர். நானும் அவ்வாறே அழைத்தேன். அதிகாலையிற் கூடையில் மீன் எடுத்து நாகூருக்குச் சென்று விற்றுவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்புவார். மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பார். கந்தூரிக் காலத்தில் தர்காவிற்கும் செல்வார். வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்வார். என்மேல் அவருக்கு ஒரு பரிவு உண்டு. நான் சமைக்கும் குழம்பின் மணத்தைக் கொண்டே அதில் உப்புக் குறைவு என்று வேலிக்கு அப்பாலிருந்து கூறிவிடுவார்.

2007-ஆம் ஆண்டின் கோடையில் ஒருநாள், நீர் இறைக்கும்போது கயிறு இற்று, வாளி கிணற்றுள் விழுந்தது. பள்ளிக்கு நேரமாயிற்று. நான் கிணற்றை நொந்து, கயிற்றை நொந்து, கயிறு விற்ற கடைக்காரரையும் நொந்து நின்றேன். ஆயா தம் வீட்டிலிருந்து பாதாளக் கரண்டியைக் கொணர்ந்தார். நகரத்து மாணவர் இதனைக் கண்டிருத்தல் அரிது. இரும்பு வளையம் ஒன்றிலே பல கொக்கிகள் தொங்கும். அதனைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்கி, அடியிலே மெல்ல மெல்லத் துழாவினால், விழுந்த பொருளின் பிடியிலோ விளிம்பிலோ கொக்கி மாட்டிக்கொள்ளும். கண்ணாற் காண இயலாத ஆழத்தைக் கையுணர்ச்சி ஒன்றினாலேயே ஆராயவேண்டும். ஆயா அதில் வல்லவர்.

அரைமணி நேரம் துழாவியபின் ஏதோ மாட்டிற்று. இழுத்தோம். வந்தது என் வாளியன்று; சேறும் மணலும் அப்பிய ஒரு சிறு பித்தளைத் தூக்கு. அதன் வளைந்த பிடியிற் கொக்கி சிக்கியிருந்தது. ஆயா அதனைக் கையில் வாங்கிப் புடைவைத் தலைப்பினால் துடைத்தார். பிறகு அசையாமல் நின்றார்.

“இது எம் பேத்தி கைதவறிப் போட்டது, வாத்தியாரையா. கடல் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி” என்றார்.

கடல் வந்தது என்றால் அக்கரையில் வாழ்வோர்க்கு ஒரே பொருள்தான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்து ஜயந்திக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்திரா அருகே எழுந்த நிலநடுக்கத்தாற் பொங்கிய ஆழிப்பேரலை அக்கரை முழுவதிலும் ஏறிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். காரைக்கால் கரையிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு யாத்திரையாக வந்திருந்தோர் பலரும் அவ்வலையில் அகப்பட்டனர். அந்நாளில் நான் நம் கலாசாலையில் இறுதி வகுப்பு மாணவன். விடுமுறை முடிந்து திரும்பியதும் துணிமணிகளும் பாத்திரங்களும் சேகரித்து அனுப்பினோம். அச்செய்திகளையெல்லாம் நான் அறிவேன். ஆயின் என் முன் நிற்கும் இம்மூதாட்டிக்கு ஒரு பேத்தி இருந்தாள் என்பதை, ஓராண்டு அடுத்த வீட்டில் வாழ்ந்தும் நான் அறிந்திலேன். எத்தனை கேள்விகள் கேட்கத் தெரிந்த எனக்கு இந்த ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை!

அப்பொழுதேனும் நான் மௌனமாக இருந்திருக்கலாம். என் குறிப்புப் புத்தகப் பழக்கம் என்னை விடவில்லை. காணாமற்போன வெள்ளிக்காசைக் கண்டெடுத்த ஸ்திரீயின் உவமை நாவின் நுனியில் வந்து நின்றது. “பார்த்தீர்களா ஆயா! ஆண்டவர் கணக்கில் தொலைந்தது எதுவும் தொலைந்ததல்ல. ஒவ்வொரு இழப்பிலும் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறார்” என்றேன்.

ஆயா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பார்வையிற் சினம் இல்லை. அதனாலேயே அதனைத் தாங்க இயலவில்லை.

“தூக்கு போனதுக்கு ஒரு பாடம் இருக்கட்டும். புள்ள போனதுக்கு என்ன பாடம், வாத்தியாரையா? அந்தப் பாடம் யாருக்கு? எனக்கா? ஏழு வயசுப் புள்ளயக் கொண்டுபோயா எனக்குப் பாடம் சொல்லணும்?”

நான் வாய்திறக்கவில்லை. சிறிது நேரத்திற்கெல்லாம் அவரே, தூக்கைப் பார்த்தவாறு, தமக்குத் தாமே கூறுபவர்போற் கூறினார்: “இந்தத் தூக்குக்காக அன்னிக்கி அவள அடிச்சேன். அழுதுக்கிட்டே சோறு திங்காமப் படுத்துட்டா. இந்தா, தூக்கு வந்திருச்சு.”

இவ்வளவே. தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் தம் வீட்டிற்குச் சென்றார். என் வாளி கிணற்றின் அடியிலேயே கிடந்தது.

நண்பர்களே, அன்றிரவு நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். ஓரெழுத்தும் எழுத இயலவில்லை. அதற்குப் பதிலாகச் சுவிசேஷங்களைத் திறந்தேன். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தி அங்கே வருகின்றது. மாண்டவர் மற்றவரினும் பாவிகளாயிருந்தமையால் மாண்டனரோ என்னும் எண்ணத்தை ஆண்டவர் ஒரே சொல்லால் மறுத்துவிடுகின்றார். மாண்டோரைப் பாடமாக்க அவர் உடன்படவில்லை. கேட்டு நின்றவர்களையே தங்கள் இருதயத்தை நோக்குமாறு திருப்பிவிடுகின்றார். பிறவிக்குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர் காரணம் கேட்கின்றனர். அவரோ அவ்விரு காரணங்களையும் தள்ளி, தேவனுடைய கிரியையைச் செய்யவேண்டிய வேளை இது என்று கூறிக் குனிந்து, தரையிலே சேறு உண்டாக்கி, அவன் கண்களிற் பூசுகின்றார். லாசருவின் கல்லறையண்டை, அவனை எழுப்பப்போகின்றோம் என்று அறிந்திருந்தும், முதலிற் கண்ணீர் விடுகின்றார். யோபின் நண்பர் மூவரும் ஏழுநாள் தரையில் வாய்பேசாது உட்கார்ந்திருந்தமட்டும் நல்ல நண்பராகவே இருந்தனர்; காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதே பிழை செய்தனர். இவையனைத்தையும் நான் முன்னரே படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். ஆயினும் அன்றிரவே அவற்றை வாசித்தேன் என்று சொல்லவேண்டும்.

மறுநாள் மாலை ஆயாவின் திண்ணையிற் சென்று உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களை ஆயத்தம் செய்துகொண்டு போனேன், அவை வேண்டியிருக்கவில்லை. நெடுநேரம் சென்றபின் அவரே பேத்தியைக் குறித்துப் பேசத் தொடங்கினார். அவள் கருவாட்டுக்குக் காவல் இருந்தது, நண்டுக்கு அஞ்சியது, பள்ளியிற் கற்ற பாட்டைத் தவறாகப் பாடியது ஆகிய இவற்றையே பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் பல மாலைகள் அவ்வாறே கழிந்தன. சாவடியில் இறக்கப்பட்ட அம்மனிதரைப் பற்றியும் அவ்வாரத்திலேயே விசாரிக்கத் தொடங்கினேன். பல மாதம் ஆகிவிட்டமையால் அவரைக் கண்டுபிடிக்க இயலவில்லை. கேட்கவேண்டிய காலத்திற் கேளாத கேள்விக்குப் பின்னர் விடை கிடைப்பதில்லை.

அவ்வாண்டுக் கடைசியில் மாணவர் சிலரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றேன். காரைக்காலுக்கு வடக்கே சிறிது தூரத்தில் இருக்கும் அவ்வூரின் வரலாறு நம் கலாசாலையிற் பயின்றோர் யாவர்க்கும் தெரிந்ததே. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் அங்கு வந்திறங்கினர். பலமுறை கேட்ட அவ்வரலாற்றை, அன்று மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது, எனக்கே புதியதாகக் கேட்டேன். அது முழுவதும் இடையூறுகளின் வரிசையாகவே இருக்கின்றது. 1708-ஆம் ஆண்டில் டேனிஷ் ஆளுநர் சீகன்பால்கு ஐயரை நான்கு மாதம் சிறையில் இட்டார். இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பெற்ற அச்சியந்திரம் வழியிலே பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மீட்கப்பட்டது. அதனோடு வந்த அச்சுத்தொழிலாளி கரைசேருமுன்னரே இறந்தார். ஜெர்மனியிலுள்ள ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துக்களோ மிகப் பெரியனவாயிருந்தன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டாற் கையிருப்புக் காகிதம் போதாது.

எழுத்துப் பெரிதாய்ப் போனது ஒரு சிற்றிடரே. ஆயினும் பலநாள் உழைப்பை வீணாக்கப் போதுமான சிற்றிடர். அவர்கள் என்ன செய்தனர்? சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளை மூடியிருந்த ஈயத்தகட்டை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தனர். 1715-ஆம் ஆண்டில் தமிழிற் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறி வெளிவந்தது. காகிதத்தின் பொருட்டு அண்மையிலுள்ள பொறையாற்றில் ஆலை ஒன்றும் அமைத்தனர். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அங்கே நிற்கின்றது. அதற்கு மறுவருஷமே, தம் 36-ஆம் வயதில், சீகன்பால்கு ஐயர் காலமானார்.

அவ்வாலயத்தின் நிழலில் நின்று நான் எண்ணியது இது. எழுத்துப் பெரிதாய்ப் போனதன் மறைபொருள் யாது என்று அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தால், அஃது ஒரு நல்ல பிரசங்கம் ஆகியிருக்கும். புதிய ஏற்பாடு ஆகியிராது. அவர்கள் ஈயத்தை உருக்கினார்கள். சிற்றிடரின் பொருள் அதனுள்ளே முன்னரே எழுதி வைக்கப்பட்ட ஒன்றன்று. அது நேர்ந்த அடுத்த கணத்தில் நம் கை செய்வதே அதன் பொருளாகின்றது. தூக்கு கிணற்றில் விழுந்தது. அதற்கு ஒரு பொருளும் இல்லை. அடித்த கைக்கும், அணைத்திருக்கக்கூடிய கைக்கும் இடையிலேதான் பொருள் இருந்தது. ஆயா அதனை என்னினும் முன்னரே, என்னினும் பெருவிலை கொடுத்து, அறிந்திருந்தார்.

இதன் உண்மை சோதிக்கப்படும் நாளும் வந்தது. என் வகுப்பிலே, ஏறக்குறைய அந்தப் பேத்தியின் வயதுடைய ஒரு சிறுமி, எனக்குக் குடிநீர் கொணர்ந்தாள். மேசையருகே கால் இடறிச் சொம்பு கவிழ்ந்தது. நீர் முழுவதும் வருகைப் பதிவேட்டின்மேற் கொட்டிற்று. மறுநாள் மேலதிகாரி பார்வையிட வருகின்றார். மூன்று மாதத்துக் கணக்கு மை கரைந்து நீலக் குளமாகக் கிடந்தது. என் கை எழுந்தது என்பதை மறைக்காமற் கூறுகின்றேன். அச்சிறுமி கண்களை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அடி எங்கே விழும் என்பது அவளுக்குப் பழக்கம்போலும்! அக்கணத்திலே, சேறு படிந்த ஒரு பித்தளைத் தூக்கு என் கண்முன் வந்து நின்றது. எழுந்த கை இறங்கிப் பதிவேட்டை எடுத்தது. இருவரும் அதனை முற்றத்து வெயிலிற் கொண்டுபோய், தாள் தாளாகப் பிரித்து, காற்றிற் பறவாதபடி கூழாங்கற்களை வைத்தோம். அவள் ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்து, “இது காஞ்சிருச்சு சார்” என்று கூறிக்கொண்டே இருந்தாள். கரைந்த பக்கங்களை அன்றிரவு கண்விழித்து மீண்டும் எழுதினேன். எழுதும்போது ஜெபம் செய்தேனா என்பது நினைவில்லை. ஆயின் அன்றிரவு எனக்கிருந்த சமாதானம், குறிப்புப் புத்தகம் எழுதிய இரவுகளில் ஒருபோதும் இருந்ததில்லை.

குறிப்புப் புத்தகத்தை நான் எரிக்கவில்லை. இன்றும் அது என்னிடம் இருக்கின்றது. பாடங்களை எழுதுவதை மாத்திரம் நிறுத்தினேன். அதற்குப் பதிலாக, இடர் நேர்ந்தபோது அருகில் நின்றவர் யார், அவரிடம் நான் என்ன செய்தேன் என்ற இரண்டை மாத்திரம் எழுதி வருகின்றேன். பல இரவுகளில் அவ்விரண்டாவது வரியை எழுத நாணமாகவே இருக்கின்றது. பிறருடைய பேரிடருக்குப் பொருள் கூற நான் இனித் துணியேன்; அது நம் அளவிற்கு மேற்பட்டது. பேரிடரில் தேவன் எங்கே இருந்தார் என்னும் வினாவிற்கு, அழுகின்றவரோடு அழுதுகொண்டிருந்தார் என்பதற்குமேல் எனக்கு விடை தெரியாது. சிற்றிடர் ஒன்றே நம் கையளவில் அடங்குவது. அதனையேனும் நாம் செம்மையாகச் செய்யலாம். மாணவ நண்பர்களே, விடுதியில் உங்கள் பாத்திரத்தை உடைத்த தோழனிடத்தும், உங்கள் சட்டையிற் குழம்பைச் சிந்திய பரிமாறுபவரிடத்தும், உங்கள் புத்தகத்தைக் கிழித்த தம்பி தங்கையரிடத்தும் நீங்கள் கூறும் முதற்சொல்லே உங்கள் விசுவாசப் பிரமாணம் என்று எண்ணுங்கள்.

அவ்வூரை விட்டுப் பணிமாற்றம் பெற்று நான் புறப்பட்ட நாளில், ஆயாவிடம் விடைபெறச் சென்றேன். எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன், ஐந்து வயதிருக்கும், கடைக்குப் பால் வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் அந்தப் பித்தளைத் தூக்கு இருந்தது. புளியிட்டுத் துலக்கப்பட்டுப் பொன்போல் மின்னிற்று. அதனை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். என் வியப்பை அவர் அறிந்துகொண்டார்.

“வச்சுப் பூட்டி என்ன செய்ய, வாத்தியாரையா? புள்ள கையில இருக்கட்டும்” என்றார்.

அவன் கிணற்றோரமாக ஓடினான். “கீழே போட்டுவிடப் போகிறான் ஆயா” என்றேன் என்னையறியாமல்.

“போட்டா என்ன? எடுத்துக்கலாம். பாதாளக் கரண்டி வீட்டுலதான இருக்கு” என்றார் ஆயா.